வாக்கியக் கணக்கைத் தமிழ்ப் பாடம்போல் வாசிப்பது எப்படி?

“கமலாவிடம் 23 வளையல்கள் இருக்கின்றன. இது செல்வியிடம் இருப்பதைவிட 7 அதிகம். செல்வியிடம் எத்தனை?”

ஐந்தாம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பல பிள்ளைகள் சட்டென்று 30 என்பார்கள். 23உம் 7உம் சேர்ந்தால் 30தான், கூட்டலில் பிழையில்லை. ‘அதிகம்’ என்ற சொல் கண்ணில் பட்டதும் கை கூட்டிவிட்டது. ‘இது’ எதைச் சுட்டுகிறது, ‘விட’ யாருடைய பெயரோடு சேர்கிறது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. விடை 16. ஆக, பிள்ளை தவறியது தமிழில்.

சுட்டு, வேற்றுமை, பொருள்கோள், கூற்று, முதல்-கரு-உரி ஆகியவற்றைப் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் எப்படியும் படிக்கிறோம். அவற்றை அந்தப் பீரியடோடு மூடிவைத்துவிடுகிறோம். அதே கருவிகளைக் கணக்கு நோட்டுக்கு எடுத்துவந்தால் எது எதற்குப் பயன்படும் என்பதை, சேலம், ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருள்களை வைத்தே பார்க்கலாம்.

முதல், கரு, உரி

அகப்பாடலைப் படிக்கத் தொல்காப்பியம் மூன்று பொருள்களைச் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தருக்குள் நடக்கும் ஒழுக்கம் உரிப்பொருள். பாட்டின் உயிர் உரியில் இருக்கிறது. மற்ற இரண்டும் அதைத் தாங்கி நிற்கின்றன.

வாக்கியக் கணக்கும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எங்கே, எப்போது, எந்த அளவையில் என்பது முதல். பேருந்து, மாம்பழம், மூட்டை, ரூபாய் எல்லாம் கரு. எண்கள் இந்தக் கருப்பொருள்களின் தோளில் ஏறிவருபவை. பொருள்களுக்கிடையே என்ன நடந்தது, என்ன உறவு என்பது உரி. கூட்டலா கழித்தலா என்பதை உரிதான் தீர்மானிக்கும். எண்ணைப் பார்த்தவுடன் செயலை முடிவுசெய்கிற பிள்ளை, கருவை வைத்து உரியை ஊகிக்கிறது.

ஒரே கருவை மூன்று உரியில் வைத்துப் பாருங்கள்:

தட்டில் 12 தட்டுவடை இருந்தது, 5 தீர்ந்துவிட்டது, மீதி எத்தனை?
அண்ணன் 12 தட்டுவடை வாங்கினான், தங்கை 5 வாங்கினாள். அண்ணனிடம் எத்தனை கூடுதல்?
12 தட்டுவடையில் 5 காரமானவை, காரமில்லாதவை எத்தனை?

மூன்றுக்கும் 12 − 5 = 7. ஆனால் முதலாவதில் பொருள் போகிறது. இரண்டாவதில் எதுவுமே போகவில்லை, இரண்டு குவியல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றாவதில் ஒரே குவியல் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கப்படுகிறது. ‘போனால் கழி’ என்று மட்டும் கற்ற பிள்ளை முதலாவதைச் செய்துவிடும். இரண்டாவதில் திகைத்து நிற்கும், இல்லையென்றால் 17 என்று எழுதும்.

தொடக்கப் பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐந்து உரிக்குள் அடங்கிவிடும்: சேர்தல், பிரிதல், பகுதி–முழுமை, ஒப்பீடு, சமக்கூறு. ஐந்திணையோடு எண்ணிக்கை பொருந்துவது தற்செயல்தான், ஆனால் பிள்ளைகள் மனத்தில் நிற்க அது உதவும். ஒவ்வொரு கணக்குக்கும் விடைக்கு முன்னால் அதன் உரியை ஒரே சொல்லில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையே பல தவறுகளைத் தடுக்க உதவும்.

உரியே இல்லாத கணக்கும் உண்டு. ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1970களின் இறுதியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டபோது, பெரும்பாலானோர் எண்களைக் கூட்டி 36 என்றார்கள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன உறவு என்று கேட்கும் பழக்கம் இல்லாததால் வந்த விடை அது. இம்மாதிரி கப்பல் தலைவர் புதிரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தன் தங்கைக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பியவர் குஸ்தாவ் ஃப்ளோபேர் என்ற நாவலாசிரியர். மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு விடையில்லாக் கணக்கை மற்றவற்றோடு கலந்து வையுங்கள். “இதில் உரி இல்லை” என்று சொல்லும் துணிச்சல் பிள்ளைக்கு வர வேண்டும்.

முதற்பொருளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதற்கான விலையை நேரக் கணக்கில் கொடுக்கிறோம். “சேலத்தில் காலை 7.20க்குப் புறப்பட்ட பேருந்து 30 கிலோமீட்டர் கடந்து 8.35க்கு ஏற்காடு சேர்ந்தது. சராசரி வேகம் என்ன?” பிள்ளை 8.35இலிருந்து 7.20ஐக் கழித்து 1.15 என்று எழுதி, 30ஐ அதனால் வகுத்து 26.09 என்கிறது. பொழுதுக்கு 60 அடிப்படை, தசமத்துக்கு 100 அடிப்படை. 1 மணி 15 நிமிடம் என்பது 1.25 மணி. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். 26.09 நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் ‘பொழுது’ என்று தனியாக ஒரு வரி எழுதி, அளவையை அங்கேயே மாற்றிவிட வேண்டும். நிலமும் கை கொடுக்கும்: யாராவது 240 என்று விடை கொண்டுவந்தால், 20 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் அந்த வேகம் முடியுமா என்று கேட்டால் போதும்.

வேற்றுமை உருபு: கணக்கின் கீல்

தமிழில் கணக்குச் செயல்கள் பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வால் மாறினால் விடை மாறும். ஒரு கிலோ பூண்டின் விலை 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (எண் எளிமைக்காக மட்டும்).

விலை 40 ரூபாய் குறைந்தது: புது விலை 20.
விலை 40 ரூபாயாகக் குறைந்தது: புது விலை 40.
விலை 40 விழுக்காடு குறைந்தது: புது விலை 36.

‘ஆக’ என்ற இரண்டெழுத்து முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவே 20 ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ‘40க்குக் குறைந்தது’ என்றாலும் ‘40ஆக’ என்பதே பொருள். இந்த மூன்று வரிகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, உருபின் அடியில் கோடு போட்டுக் காட்டுவது பத்துப் பயிற்சிக் கணக்குகளுக்குச் சமம்.

‘ஐ’யும் ‘ஆல்’உம் வகுத்தலில் ஜோடியாக வரும். ‘20ஐ 5ஆல் வகு’ என்பதை ‘5ஆல் 20ஐ வகு’ என்று முன்பின்னாக எழுதினாலும் பொருள் மாறாது. உருபு இடத்தை விட்டுக் கொடுக்காது. சொல்வரிசையை நம்பும் பிள்ளை 5 ÷ 20 என்று எழுதும், உருபை நம்பும் பிள்ளை 20 ÷ 5 என்று எழுதும். கழித்தலில் ‘இலிருந்து’ அதே வேலையைச் செய்கிறது: ‘8ஐ 15இலிருந்து கழி’. எந்த எண்ணோடு ‘இலிருந்து’ இருக்கிறதோ அதுவே மேலே போகும்.

ஒப்பீட்டில் ‘விட’. இதற்கு ஒரு சிறு வழி உண்டு. ‘ஐவிட’ யாரோடு சேர்ந்திருக்கிறதோ அவர்தான் அளவுகோல். முதல் கணக்கில் செல்வியிடம் இருப்பதே அளவுகோல். கமலா அதற்கு மேல் 7. அளவுகோலை ஒரு பட்டையாகவும், அதன் மேல் கமலாவின் பட்டையை 7 நீட்டியும் வரைந்தால், 23 எந்தப் பட்டைக்குச் சொந்தம் என்பது தானே தெரியும்.

‘இல்’ எல்லாவற்றையும்விட வஞ்சகமானது. “120 மாம்பழத்தில் மூன்றில் ஒரு பங்கு காலையில் விற்றது. மீதியில் கால் பங்கு மாலையில் விற்றது. எஞ்சியவை எத்தனை?” 120இல் மூன்றில் ஒரு பங்கு 40. மீதி 80, அதில் கால் பங்கு 20, எஞ்சுவது 60. ‘மீதியில்’ என்பதைக் கவனிக்காமல் 120இல் கால் பங்கு எடுத்தால் 30 வரும், எஞ்சுவது 50 ஆகிவிடும். இரண்டுமே முழு எண்கள் என்பதால் தவறு மணியடிக்காது. பின்னமோ விழுக்காடோ வந்தால், அதற்கு முன்னால் இருக்கும் ‘இல்’ எந்தச் சொல்லின் வால் என்று வட்டம் போடுவதைக் கட்டாயமாக்குங்கள்.

‘உம்’ வேற்றுமை உருபு இல்லை, இடைச்சொல். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடலாம். “ரவியும் மாலாவும் 50 ரூபாய் கொடுத்தார்கள்.” ஆளுக்கு ஐம்பதா, இருவரும் சேர்ந்து ஐம்பதா? வாக்கியம் சொல்லவில்லை. பிள்ளை இரண்டில் எதை எடுத்தாலும் அது பிள்ளையின் பிழை ஆகாது, கணக்கை எழுதியவரின் பிழை. ‘ஆளுக்கு’, ‘தலா’, ‘வீதம்’, ‘சேர்ந்து’ ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தே எழுத வேண்டும். ‘3 மடங்கு அதிகம்’ என்பதும் அப்படித்தான். அதை 3 மடங்கு என்றும் படிக்கலாம், 4 மடங்கு என்றும் படிக்கலாம். ‘3 மடங்கு’ என்று நிறுத்திவிடுவது நல்லது.

பழைய கணக்கு நூல்கள் இந்த உருபுகளை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டன என்பதற்குக் கணக்கதிகாரம் சான்று. கணக்குகளையும் வழிகளையும் செய்யுளிலேயே சொல்லும் நூல் அது. பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை மதிப்பிட அதில் ஒரு வெண்பா இருக்கிறது: காம்புக்கு அருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்துக்கு ‘ஈய’ வேண்டும். ஈதல் என்றால் கொடுத்தல், இங்கே வகுத்தல். ஐந்து பேருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுபோல நான்காம் வேற்றுமையில் வகுத்தலைச் சொல்லியிருக்கிறார்கள். காம்பருகே 50 முள் என்றால் 60 சுளை. ஏற்காட்டில் பலா மரம் பக்கத்தில் இருக்கும் பள்ளிகள் பழ நாளில் இதைச் செய்து பார்க்கலாம். விதி எவ்வளவு நெருங்குகிறது, எவ்வளவு விலகுகிறது என்று எழுதினால் அதுவே நல்ல செய்முறைப் பாடம்.

பொருள்கோள்

செய்யுளில் சொற்களை எந்த முறையில் சேர்த்தால் பொருள் கிடைக்கும் என்பது பொருள்கோள். நன்னூல் எட்டு வகை சொல்கிறது. கணக்குக்கு மூன்று போதும்.

ஆற்றுநீர்: வரி வரியாக அப்படியே படித்துச் செய்துகொண்டு போகலாம். சின்ன வகுப்புக் கணக்குகள் எல்லாம் இந்த வகை. பிள்ளைகள் எல்லாக் கணக்கும் இப்படியே ஓடும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

நிரல்நிறை: “மல்கோவா, இமாம் பசந்த், பெங்களூரா ஒரு கிலோ விலை முறையே 120, 150, 40 ரூபாய். முறையே 2, 1, 5 கிலோ வாங்கினால் எவ்வளவு?” ‘முறையே’ என்ற சொல் நிரல்நிறையின் அடையாளம். மூன்று வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டத்தில் எழுதினால் 240 + 150 + 200 = 590. கட்டம் போடாத பிள்ளை விலைகளையும் கிலோக்களையும் தனித்தனியே கூட்டி 310 × 8 என்று போகும். செய்யுளில் வரும் எதிர் நிரல்நிறையை, அதாவது வரிசையைத் தலைகீழாகப் பொருத்துவதை, கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அந்தக் கவலை வேண்டாம்.

கொண்டுகூட்டுதான் பெரிய வகுப்புக் கணக்கின் தன்மை. தூரத்து வரிகளில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டினால்தான் பொருள் வரும்:

“ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் மூன்று நாளில் பறித்த காபிப் பழம் மொத்தம் 540 கிலோ. இரண்டாம் நாள் பறித்தது முதல் நாள் பறித்ததைவிட 30 கிலோ அதிகம். மூன்றாம் நாள் மழையால் முதல் நாள் பறித்ததில் பாதிதான் கிடைத்தது. அன்று வேலைக்கு வந்தவர்கள் 6 பேர். அன்று ஒருவர் சராசரியாக எத்தனை கிலோ பறித்தார்?”

முதல் வரியில் இருந்து தொடங்கினால் 540ஐ வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. பலர் 540 ÷ 3, இல்லையென்றால் 540 ÷ 6 என்று தொடங்கிவிடுவார்கள். கடைசி வரியில் இருந்து தொடங்க வேண்டும். ‘அன்று’ என்ற சுட்டு மூன்றாம் நாளைக் காட்டுகிறது. மூன்றாம் நாள் முதல் நாளைக் காட்டுகிறது. இரண்டாம் நாளும் முதல் நாளையே காட்டுகிறது. எல்லா அம்பும் முதல் நாளில் போய் நிற்கிறது. மூன்றாம் நாளை ஒரு பெட்டியாக வரைந்தால் முதல் நாள் 2 பெட்டி, இரண்டாம் நாள் 2 பெட்டியும் 30 கிலோவும். ஆக 5 பெட்டியும் 30உம் சேர்ந்து 540. 5 பெட்டி 510, ஒரு பெட்டி 102. 102 ÷ 6 = 17 கிலோ. திருப்பிப் பார்த்தால் 204, 234, 102, மொத்தம் 540. இயற்கணிதம் தெரிந்தவர்கள் முதல் நாளை x என்று வைக்கலாம், விடை அதேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வரைதல் என்றால் காபிச் செடியும் கூடையும் வரைவது ஆகாது. அழகான படம் கருப்பொருளைக் காட்டும், உரியைக் காட்டாது. பெட்டி, கோடு, அம்பு, இவ்வளவுதான் வேண்டும்.

கதை சொல்லும் வரிசையும் கதை நடந்த வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. “கொலுசுப் பட்டறை ஒன்றில் மாலை 25 ஜோடியைக் கடைக்கு அனுப்பியபின் 32 ஜோடி மீதி இருந்தது. அதற்கு முன் மதியம் 18 ஜோடி புதிதாகச் சேர்ந்திருந்தது. காலையில் எத்தனை?” பிள்ளை முதலில் காலை, மதியம், மாலை என்று எழுதி நிரப்பட்டும்: ? + 18 − 25 = 32. பின்னாலிருந்து நடந்தால் 32 + 25 − 18 = 39.

கூற்று: யார் பேசுகிறார்?

அகப்பாடலைத் தொடங்கும்போது இது தலைவி கூற்றா தோழி கூற்றா என்று கேட்கிறோம். லாப நட்டக் கணக்கில் இதே கேள்வி வேண்டும். தோப்புக்காரர் ஒரு கூடை மாம்பழத்தை மண்டிக்காரருக்கு 1200 ரூபாய்க்குக் கொடுக்கிறார். மண்டிக்காரர் அதைக் கடைக்காரருக்கு 1500க்கு விற்கிறார். கடைக்காரர் 1800க்கு விற்கிறார். 1500 என்பது வாங்கிய விலையா, விற்ற விலையா? மண்டிக்காரர் வாயில் விற்ற விலை, கடைக்காரர் வாயில் வாங்கிய விலை. இருவருக்கும் லாபம் 300 ரூபாய்தான். ஆனால் மண்டிக்காரருக்கு 1200இல் 300, அதாவது 25 விழுக்காடு. கடைக்காரருக்கு 1500இல் 300, 20 விழுக்காடு. ‘யார் கூற்று’ என்று ஓரத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டுத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது.

வகுப்பில் செய்வது

ஒரு பீரியடில் ஒரே ஒரு கணக்குக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் எண்கள் இல்லாமல் எழுதிப் போடுங்கள்: “ஒருவரிடம் சில மாம்பழங்கள். அதில் ஒரு பங்கு காலையில் விற்றது. மீதியில் ஒரு பங்கு மாலையில் விற்றது.” பிள்ளைகள் இதைத் தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். உரி என்ன, எது எதன் பங்கு என்று பேசி முடித்த பிறகு எண்களைப் போடுங்கள். கேள்வி வரியைக்கூடக் கடைசியில் எழுதலாம், “இந்தக் கதையில் என்னென்ன கேட்க முடியும்?” என்று அவர்களையே கேட்கவைத்தால், பாதிக் கேள்விகள் பாடப்புத்தகத்தைவிட நன்றாக இருக்கும். பிறகு அதே உரியில் வேறு கருவைப் போட்டு ஒரு கணக்கு எழுதிவரச் சொல்லுங்கள்: மாம்பழத்துக்குப் பதில் ஜவ்வரிசி மூட்டை. கருவை மாற்றி உரியைக் காப்பாற்றத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

இரண்டு இடங்களில் இது கெட்டுப்போகும். ஒன்று, ‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்ற சொற்பட்டியலைச் சுவரில் ஒட்டுவது. கொலுசுக் கணக்கில் ‘மீதி’ வருகிறது, அங்கே 25ஐக் கூட்டினோம். காபிக் கணக்கில் ‘மொத்தம்’ வருகிறது, அங்கே கழித்து வகுத்தோம். பட்டியல் எளிய கணக்கில் விடை தந்து பழக்கிவிட்டு, தேர்வில் கைவிடும். இன்னொன்று, கதையில் மூழ்கித் தேவைக்கு மேல் பெயர்ச்சொற்களைச் சேர்த்து எழுதுவது. ஏற்காட்டின் பனியை வருணிக்கத் தொடங்கினால் மெதுவாக வாசிக்கும் பிள்ளை எண்ணுக்கு வருவதற்குள் களைத்துவிடும்.

விடையைக் கதைக்குள் திருப்பி வைத்தல்

1980களில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த தேசியத் தேர்வில் ஒரு கணக்கு: ஒரு பேருந்தில் 36 படைவீரர்கள் ஏறலாம், 1128 பேருக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? வகுத்தலைப் பெரும்பாலோர் சரியாகவே செய்தார்கள். ஈவு 31, மீதி 12. ஆனால் 32 என்று விடை எழுதியவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் 12 பேரைச் சாலையோரம் விட்டுவிட்டார்கள்.

இதற்கு மருந்து, ஒரே வகுத்தலை மூன்று கருவில் வைப்பது. 95 மாணவர்கள் கோடை விழாவுக்கு ஏற்காடு போகிறார்கள், ஒரு வேனில் 12 பேர்: 8 வேன்கள். 95 மீட்டர் கயிற்றில் 12 மீட்டர் துண்டுகள் வெட்டினால்: 7 துண்டுகள், 11 மீட்டர் வீண். 95 கிலோ அரிசியை 12 குடும்பத்துக்குச் சமமாகப் பிரித்தால்: ஒரு குடும்பத்துக்கு 7 கிலோவும் ஏறத்தாழ 917 கிராமும். 95 ÷ 12 மூன்றிலும் ஒன்றே. மீதியான 11ஐ என்ன செய்வது என்பதை ஆள், கயிறு, அரிசி என்ற கரு சொல்கிறது. மலைப்பாதையில் 20 வளைவுகளுக்கும் முதலில் இருந்து கடைசி வரை இடைவெளிகள் எத்தனை என்று கேட்டால், எண்ணுவது வளைவையா இடைவெளியையா என்று பார்த்து 19 என்று சொல்ல வேண்டியதும் இதே கவனத்தால்தான்.

ஆகவே கடைசி வரியாக வெறும் எண்ணை ஏற்காதீர்கள். ‘8’ என்று எழுதினால் பாதி மதிப்பெண். ‘மாணவர்கள் போக 8 வேன்கள் வேண்டும், கடைசி வேனில் 11 பேர் இருப்பார்கள்’ என்று எழுதினால் முழு மதிப்பெண்.